பிளாஸ் தொஃபீன்: 1874-இல் இடித்த வரிசையை மறுபடி கட்டலாமா?

கோட்டோவியன்:

பாரிஸ், சேன் ஆற்றின் நடுவே உள்ள சித்தே தீவின் மேற்கு முனை. போன் நஃப் பாலத்தின் நடுவில் பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றியின் குதிரைச் சிலை. அதற்கு நேர் எதிரே செங்கலும் வெள்ளைக் கல்லுமாக இரண்டு வீடுகள், நடுவே ஒரு சந்து. சந்துக்குள் நுழைந்தால் முக்கோணமாக ஒரு வெளி விரியும். அதுதான் பிளாஸ் தொஃபீன். வேலை தொடங்கியது 1607-இல். பெயர், அன்று சிறுவனாக இருந்த பட்டத்து இளவரசனுக்காக. பின்னாளில் பதின்மூன்றாம் லூயி ஆனவர். ஒரே அளவு, ஒரே முகம் கொண்ட 32 வீடுகள் முக்கோணத்தின் மூன்று பக்கமும் நின்றன. வாசல் இரண்டே: பாலத்தைப் பார்த்த முனையில் ஒன்று, ஆர்லே தெருவைப் பார்த்த அடிப்பக்கத்தின் நடுவில் ஒன்று.

1874-இல் அந்த அடிப்பக்க வரிசையை முழுதாக இடித்துத் தள்ளினார்கள். நீதிமன்ற மாளிகையின் புதிய மேற்கு முகப்பு வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். மூன்று சுவர் உள்ள அறையில் ஒரு சுவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதை அறை என்று யார் சொல்வார்கள்? சந்திலிருந்து உள்ளே வருபவரின் கண் இன்று எங்கேயும் நிற்பதில்லை. நேராக அந்த முகப்பின் ராட்சதத் தூண்களில் போய் முட்டுகிறது. நகரையே இடித்து மாற்றிக் கட்டிய ஆட்சியர் ஹவுஸ்மன் பாரிஸுக்குச் செய்த எத்தனையோ கெடுதல்களில் இதுவும் ஒன்று.

அந்த வரிசையை மறுபடி கட்டலாம், கட்டவும் வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

தெருக்கோடி:

முதலில் ஒரு சின்னச் சிக்கல். தமிழில் சதுக்கம் என்றால் நாலு தெரு கூடுகிற இடம். இங்கே எந்தத் தெருவும் கூடவில்லை, மூலையும் மூன்றுதான். நீங்கள் வர்ணிப்பது முற்றம். முற்றம் என்றே வைத்துக்கொண்டு பேசினால் சண்டை தெளிவாக இருக்கும்.

மதில்மேல்பூனை:

//ஹவுஸ்மன் பாரிஸுக்குச் செய்த எத்தனையோ கெடுதல்களில் இதுவும் ஒன்று//

ஆரம்பமே சறுக்கல் சார். ஹவுஸ்மன் 1870 ஜனவரியில் பதவி இழந்தார். அந்த வருஷமே மூன்றாம் நெப்போலியனின் பேரரசும் போனது, 1871 மே மாதம் நீதிமன்ற மாளிகையின் ஒரு பகுதி தீக்கு இரையானது. வரிசை இடிபட்டது 1874. அப்போது நடந்தது மூன்றாம் குடியரசு. பாரிஸில் எதை இடித்திருந்தாலும் அவர் தலையில் எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் அழுகிற முற்றம் 1874-க்கு ரொம்ப முன்னாடியே போய்விட்டது. 32 வீடுகளும் ஒரே முகமாக நின்றது ஆரம்ப காலத்தில்தான். கீழே வளைவுகளோடு கடை, மேலே இரண்டு மாடி, கூரையில் மாடச்சன்னல்; இதுதான் அசல் வடிவம். பிறகு ஒவ்வொரு உரிமையாளரும் தன் வசதிக்கு மாடி ஏற்றினார், சன்னலைப் பெரிதாக்கினார், செங்கல்லின் மேல் காரை பூசினார். அதற்குச் சட்டமும் இடம் கொடுத்தது: 1784-ஆம் வருஷ அரசாணைப்படி, அகலமான தெருவில் கல்கட்டிட முகப்பு 54 பியே (பழைய பிரெஞ்சு அடி), ஏறத்தாழ 17.5 மீட்டர் வரை போகலாம். இரண்டு மாடி வீட்டுக்காரர் அதைப் படித்தால் என்ன செய்வார்?

இன்று அசல் முகத்துக்குப் பக்கத்தில் நிற்பவை சந்தின் இருபுறமும் உள்ள அந்த இரண்டு முனை வீடுகள்தான். மற்றதெல்லாம் வெவ்வேறு நூற்றாண்டுகளின் ஒட்டு. இதற்கு நடுவில் கிழக்கு வரிசையை மட்டும் 1610 கோலத்தில் புதிதாக நிறுத்தினால், மூன்று சுவரில் பொய்யான சுவர் அதுவாகத்தான் இருக்கும்.

கோட்டோவியன்:

ஆண்டு விஷயத்தில் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் பாதிதான். கட்டிடக்கலைஞர் லூயி தியுக் அந்த மேற்கு முகப்பைக் கட்டியது 1857 முதல் 1868 வரை. முழுக்க ஹவுஸ்மன் பதவியில் இருந்த காலம். அவ்வளவு உயரமான அரைத்தூண்களும் அகலமான படிக்கட்டும், எதிரே ஒரு தெரு அகலத்தில் வீடுகளின் முதுகு நிற்கும் என்று நினைத்துப் போட்ட வரைவாக இருக்க முடியாது. எதிர் வரிசை போகும் என்ற கணக்கு அந்த வரைவிலேயே இருக்கிறது. கோடரி விழுந்ததுதான் குடியரசில்.

முகப்புகள் மாறிப்போனது உண்மை. அதற்கும் மூன்று பக்கமும் மூடிய அடைப்புக்கும் என்ன சம்பந்தம்? சுவரின் மேல்பூச்சு மாறினாலும் சுவர் சுவர்தான். 1728-இல் ஷார்தேன் தன் திருக்கை மீன் ஓவியத்தைக் காட்டியது இந்த முற்றத்தில். வருஷாவருஷம் நற்கருணைத் திருநாளை ஒட்டி, ஊர்வலத்துக்காக வீட்டு முகப்புகளில் துணி தொங்கவிடுவார்கள். அரச ஓவியக் கழகத்தில் இடம் கிடைக்காத இளம் ஓவியர்கள் அதன் மேல் தங்கள் படங்களை மாட்டுவார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ஷார்தேன் கழக உறுப்பினர். மூன்று பக்கமும் சுவர் இருந்ததால்தான் திறந்தவெளி ஒரு காட்சிக்கூடமாக முடிந்தது. ஆற்றோரமாகவோ பாலத்தின் மேலோ இதை நடத்திப் பாருங்கள், காற்று விடாது.

மதில்மேல்பூனை:

காட்சி 18-ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோனதே, சார். வரிசை அதற்கப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல் நின்றது. சுவர்தான் காரணம் என்றால் அந்த எழுபது வருஷம் என்ன நடந்தது? ஓவியர்கள் வந்ததற்குக் காரணம், அரசுக் காட்சியில் மாட்ட அவர்களுக்கு உரிமை இல்லாதது. அந்தத் தடை போனதும் முற்றம் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். எந்த ஆண்டுக்குத் திரும்புவது? நடுவில் ஒன்றுமே இல்லாத 1610-களுக்கா? நுழைவாயிலில் லெ ப்ருன் வரைந்த வெற்றி வளைவு நின்ற 1660-க்கா? தியோன்வில் சதுக்கம் என்று பெயர் மாறியிருந்த 1792–1814-க்கா? இல்லை, நடுவில் தெசே நீரூற்று நின்ற காலத்துக்கா? மாரெங்கோ போரில் 1800-இல் செத்த தளபதி தெசேக்காக பெர்சியே, ஃபோந்தேன் இருவரும் வரைந்து 1803-இல் வைத்தது. கிழக்கு வரிசை விழுந்தபோது அதையும் கழற்றினார்கள். 1906-இல் ரியோம் ஊரில் மறுபடி பூட்டி நிறுத்திவிட்டார்கள். உங்கள் வாதப்படி அதையும் கேட்டு வாங்க வேண்டும். ரியோம்காரர்கள் கொடுப்பார்களா?

தெருக்கோடி:

கொடுக்க மாட்டார்கள். தெசே பிறந்தது அவர்கள் பக்கத்து ஊர்.

நிலவரை:

இரண்டு பேருமே இது அரசர் மக்களுக்குக் கொடுத்த வெளி என்ற மாதிரி பேசுகிறீர்கள். பத்திரத்தைப் பார்த்தால் கதை வேறு.

1607-இல் ஹென்றி இந்த நிலத்தை அஷீல் த ஆர்லேக்குக் கொடுத்தார். ஆர்லே பாரிஸ் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. 1588-இல் கீஸ் பிரபு ஊரைத் தன் கையில் எடுத்தபோது அரசர் பக்கம் நின்றவர். விசுவாசத்துக்குப் பரிசு. நிபந்தனை ஒன்று: அரசர் ஒப்புக்கொண்ட வரைபடப்படிதான் வீடுகள் எழ வேண்டும். ஆர்லே எல்லாவற்றையும் தானே கட்டவில்லை. மனை பிரித்து விற்றார், வாங்கியவர்கள் அதே முகப்போடு கட்டினார்கள். இன்றைய வார்த்தையில் சொன்னால் லேஅவுட். வெளி என்பது மனைகளின் விலையை ஏற்றுகிற நடு முற்றம்.

அரசர் இதே காலத்தில் மூன்று வெளிகள் நினைத்தார். ஒன்று, இன்று வோஜ் சதுக்கம் என்கிறோமே, அந்த அரச சதுக்கம். 1605-இல் தொடங்கி 1612-இல் திறந்தது, 36 மாளிகைகள், பக்கத்துக்கு சுமார் 140 மீட்டர். அங்கே குடியேறியது பெரிய இடத்து ஆட்கள். இரண்டாவது இது, அதில் வணிகரும் கைவினைஞரும். தென்புறக் கரைக்குப் பொற்கொல்லர் கரை என்று பெயர் வந்ததும், வடபுறக் கரையில் மூக்குக்கண்ணாடிக்காரர்கள் குவிந்ததும் சும்மா இல்லை. மூன்றாவது, பிரான்ஸ் சதுக்கம் என்று அரைவட்டமாக வரைந்தது. 1610 மே 14-இல் ரவயாக் அரசரைக் குத்திக் கொன்றதும் காகிதத்தோடு நின்றுபோனது.

வரைபடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இழந்த வரிசை எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லோரும் துர்கோ வரைபடத்தைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். 1734-இல் தொடங்கி 1739-இல் வெளிவந்தது, வரைந்தவர் ப்ரெத்தே. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அது வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கிப் பறவைப் பார்வையில் வரைந்தது. அதனால் வடக்கு வரிசையில் நமக்குத் தெரிவது ஆற்றைப் பார்த்த முகம். முற்றத்தைப் பார்த்த முகம் மறைவு. தெற்கு வரிசையும் இடிந்துபோன கிழக்கு வரிசையும் உள்முகத்தைக் காட்டும். ஒரே படத்தில் மூன்று பக்கத்தையும் ஒப்பிட்டு ‘எல்லாம் ஒன்றுபோல இருந்தன’ என்று சொன்னால் ஆற்று முகத்தையும் முற்ற முகத்தையும் கலக்கிறீர்கள். மேலும் தெருக்கள் தெரிய வேண்டுமென்று அகலத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அளவு எடுக்கவே கூடாது.

அளவு வேண்டுமானால் வாஸெரோ நிலப்பட ஏடு. 1810 முதல் 1836 வரை தொகுத்தது, மனைமனையாகத் தரைத்தளம் வரைந்தது: சுவர், படிக்கட்டு, உள்முற்றம் எல்லாம். வரிசை நிற்கும்போதே எடுத்த அளவு. செய்முறை சுலபம். இன்றும் நிற்கிற இரண்டு முனை வீடுகளின் அகலத்தை நேரில் அளந்து, ஏட்டில் அதே வீடுகளோடு பொருத்தி, அளவுகோலை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகுதான் கிழக்கு வரிசையைப் படிக்க வேண்டும். 1615-இன் மெரியான் வரைபடத்தை இருப்பு உறுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அளவுக்கு வேண்டாம்.

செங்கல்சூளை:

கட்டலாமா என்று கேட்டால் கட்டுகிறவன் பார்வையில் இரண்டு வார்த்தை.

அசல் சுவரின் வேலை இப்படி: மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும் சுண்ணாம்புக்கல், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாற்றி மாற்றிப் பல் கோத்த மாதிரி. நடுவில் செங்கல் பரப்பு. தரைத்தளம் கல். பூச்சுக்குள் மறைந்த வீட்டில் அடியில் அசல் செங்கல் இருக்கிறதா என்று தெரிய ஓர் ஓரத்தில் ஒரு கையளவு பூச்சை எடுத்தால் போதும். செங்கல் முகத்தில் உளிக் கொத்து வரிசையாக இருந்தால், முதலில் வெறும் செங்கலாக நின்று பிறகு பூச்சுப் பிடிக்கக் கொத்தியிருக்கிறார்கள். கொத்தே இல்லாமல் மரச்சட்டம் வந்தால் ஆரம்பம் முதலே பூச்சு. சிரிக்காதீர்கள், வோஜ் சதுக்கத்திலேயே பல முகப்புகளில் செங்கல் என்று தெரிவது பூச்சில் வரைந்த பொய்ச் செங்கல்.

பாரிஸ் பூச்சு ஜிப்சம். தண்ணீரைக் குடிக்கும், ஊதும், செங்கலை விட்டு உரியும். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் உப்பு கட்டி, பனிக்காலத்தில் முகமே தகடாகக் கழன்றுவிடும். சரி செய்ய சுண்ணாம்புச் சாந்துதான், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், செங்கலைவிட மெலிந்த கலவையாக. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை உப்புக் கோடு தெரிந்தால் முதலில் வடிகாலைப் பாருங்கள், சுவரைத் தொடாதீர்கள்.

இனி புது வரிசை. அரை மீட்டர் தடிமன், 13 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 6.5 கன மீட்டர் கட்டுவேலை. கன மீட்டருக்கு 2 டன் என்றாலும் 13 டன். தளம், கூரை சுமை தனி. இது எதன் மேல் உட்காரும்? 1578-இல் பாலம் தொடங்கும் வரை தீவின் முனை இங்கே இல்லை. தனித்தனியாகக் கிடந்த சின்னத் திட்டுகளை ஒட்டவைத்து, கரைச்சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி ஆக்கிய நிலம். பழைய தீவு மட்டம் எது என்று பார்க்க ஆசைப்பட்டால் சிலைக்குப் பின்னால் படியிறங்கி வெர் கலான் தோட்டத்துக்குப் போகலாம். பாலத்து மேடையைவிட ஏறத்தாழ 7 மீட்டர் கீழே. நிரப்பு மண்ணில் அகல அடித்தளம் போட்டால் ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் நிற்கும், சன்னல் மேற்கட்டில் சாய்வாக விரிசல் விழும். ஆழத் துளைத்துத்தான் இறக்க வேண்டும். சதுக்கத்துக்கு அடியில் இப்போது வண்டி நிறுத்தம் வேறு இருக்கிறது. அதன் சுவர்கள் எங்கே முடிகின்றன என்று தெரியாமல் துளைக் கருவியைக் கொண்டுபோகவே முடியாது.

முடியாது என்று சொல்லவில்லை. செலவழித்தால் முடியும். ஆனால் ‘கட்டலாமே’ என்று ஒரு வரியில் சொல்கிற வேலை இல்லை.

தெருக்கோடி:

தனித்தனித் திட்டு என்றதும் ஒன்று. அதில் ஒன்றுதான் யூதர் தீவு. 1314-இல் கோயில் வீரர் (டெம்ப்ளர்) சபைத் தலைவர் ழாக் த மொலேயை எரித்த இடம். சதுக்கத்தின் நடுவிலேயே எரித்ததாக எழுதுகிறவர்கள் உண்டு. அன்று சதுக்கமும் இல்லை, அந்த நிலமும் இப்படி இல்லை.

கோட்டோவியன்:

நிலவரை சொன்னது என் கட்சியைப் பலப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். நிபந்தனையே ஒரே வரைபடம், ஒரே முகப்பு, மூன்று பக்கம் என்பதுதானே? அதே 1607 டிசம்பரில் தெருவுக்குள் நீட்டிக் கட்டக்கூடாது, வரிசைக்கோடு மீறக்கூடாது என்று அரசாணையும் வந்தது. அடைப்பு என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி. மனை வியாபாரம் என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

செங்கல்சூளை ஐயா சொன்ன அடித்தளச் சிக்கலுக்கு எனக்குப் பதில் இல்லை. மரச்சட்டத்தில் எடை குறைவாகக் கட்டலாம் என்று சொன்னால் மதில்மேல்பூனை பாய்வார்.

மதில்மேல்பூனை:

பாய்வேன்தான். அது நாடக மேடைச் சுவர்.

உங்கள் ஒப்பந்தம் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. ஒப்பந்தம் அடைப்பைக் கேட்டது, சரி. கூடவே அந்த அடைப்பு பாலத்துச் சிலையைப் பார்த்தும் திறந்திருக்கிறது. ஜாம்போலோன்யா தொடங்கி தாக்கா முடித்த வெண்கலக் குதிரை 1614-இல் வந்து நின்றது, 1792-இல் உருக்கினார்கள், லெமோ செய்த இப்போதைய சிலை 1818. ஆக, வெளியே நிற்கிற ஒரு பொருளை நோக்கித் திறப்பது முதல் வரைவிலேயே உள்ள குணம். மேற்கே ஒரு சின்னத் திறப்பு இருக்கலாம், கிழக்கே பெரிய திறப்பு கூடாது என்றால், பிரச்சினை திறப்பில் இல்லை, உங்களுக்குத் தியுக்கின் முகப்பு பிடிக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்லிவிடலாமே. அந்த முகப்புக்காக 1869-இல் அவருக்கு ஒரு லட்சம் பிராங்க் பரிசு கொடுத்தார் மூன்றாம் நெப்போலியன். அதுவும் இப்போது ஒன்றரை நூற்றாண்டு வரலாறு. அதை மறைப்பதற்கு ஒரு வரிசை கட்டுவதும், அதைக் காட்டுவதற்கு ஒரு வரிசை இடித்ததும் ஒரே புத்திதான்.

கோட்டோவியன்:

பிடிக்கவில்லை. சொல்லிவிட்டேன். ஆனால் திறப்பின் அளவு முக்கியமில்லையா? சந்து ஒரு சாவித்துவாரம். அதன் வழியாகச் சிலையைப் பார்ப்பதும், சுவரையே எடுத்துவிட்டு மாளிகையைப் பார்ப்பதும் ஒன்றா?

நிலவரை:

இந்த இடத்தில் கோட்டோவியன் பக்கம் நிற்கிறேன். அடிப்பக்க வாசலும் வரிசையின் நடுவில் ஒரு சந்தாகத்தான் இருந்தது. இரண்டு சந்தும் சிலையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழும். வரிசை போனபோது அந்தக் கோட்டின் ஒரு முனை அழிந்தது. இன்று அங்கே நிற்பவருக்கு அச்சு என்று ஒன்று இருந்ததே தெரியாது. ஆர்லே தெருப் பக்கம் முழுவதும் மரவரிசையும் அகலமும்தான்.

கட்டாமலே அதைக் காட்ட ஒரு வழி: வாஸெரோ ஏட்டிலிருந்து வரிசையின் முன்சுவர், பின்சுவர், நடுச்சந்து மூன்றையும் எடுத்துத் தரையில் கல் பட்டையாகப் பதிப்பது. பட்டை 30 சென்டிமீட்டர் அகலம் போதும், மண்தரையைவிட எழும்பக் கூடாது. எழும்பினால் நடப்பவர் தடுக்குவார், மழைநீரும் தேங்கும்.

செங்கல்சூளை:

சுண்ணாம்புக்கல் போடாதீர்கள், தரையில் இரண்டு குளிர்காலத்துக்குத் தாங்காது. கருங்கல். கீழே 15 சென்டிமீட்டர் சரளை கெட்டித்து, சுண்ணாம்புச் சாந்தில் பதியுங்கள். மரத்தடியில் வேர் தூக்கும். அங்கே நீளக் கல் வேண்டாம், பத்துப் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாகப் போட்டால் தூக்கினாலும் எடுத்து மறுபடி வைக்கலாம்.

மதில்மேல்பூனை:

இதை எதிர்க்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஒரு நிபந்தனை: நீரூற்று நின்ற இடத்தையும் குறிக்க வேண்டும். வரிசையும் நீரூற்றும் ஒன்றாகத்தான் போயின.

கோட்டோவியன்:

நீரூற்று சரி. பட்டை எனக்குப் போதாது, ஆனால் அதைப் பதித்தபின் எத்தனை பேர் அந்தக் கோட்டில் நின்று மாளிகைக்கு முதுகைக் காட்டுகிறார்கள் என்று பார்க்க ஆசை. நிலவரை, ஏட்டில் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே எவ்வளவு ஆழம் வருகிறது? பட்டை மரவரிசைக்குள்ளே விழுமா, ஆர்லே தெருவின் நடைபாதையிலா?

நிலவரை:

முனை வீடுகளின் அகலத்தை முதலில் யாராவது நாடா பிடித்து அளந்து அனுப்புங்கள். அது இல்லாமல் நான் சொல்கிற எந்த எண்ணும் துர்கோ படத்து எண் மாதிரிதான்.